ஐந்து நிமிட இடைவேளை

நம்மில் யாருக்கும் நாற்பது தூரமில்லை. பாதிப் பேருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது, மீதிப் பேர் வந்ததை வெளியே சொல்வதில்லை. ஒன்பது வயதிலும் பத்து வயதிலும் அப்பாவின் விசாவில் ஒட்டிக்கொண்டு அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் வந்து இறங்கியவர்கள் நாம். நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அப்பாக்கள் கூப்பன் வெட்டிய கதை, அம்மாக்கள் தயிர் டப்பாவைக் கழுவிக் கழுவி அடுக்கிய கதை. சொல்லிச் சிரித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தச் சிரிப்பில் சேராத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம், அந்த வயதில், அந்த வீட்டில் இருந்திருந்தால் நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள் என்கிற நப்பாசைதான்.

எனக்குப் பதினோரு வயது, அக்காவுக்குப் பதினைந்து. ஈரோட்டிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு நேர் மேலே ஓர் இந்தோனேசியக் குடும்பம். அண்ணன், அண்ணி, என் வகுப்பில் படித்த அவர்கள் பெண், பிறகு அண்ணனின் தங்கை. அந்தத் தங்கைக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். காலையில் டோனட் கடையில் வேலை. சாயங்காலம் ஒரு பழைய வேர்ஹவுஸுக்குள் பச்சை ரப்பர் விரித்து நடத்திய பேட்மின்டன் கிளப்பில் கோச். ஊரில் இருந்தபோது பத்து வருடம் அவர் நாட்டு அணியில் சிங்கிள்ஸ் ஆடியவர் என்பதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. மாடிப்படி இறங்கும்போது ஒரு காலை மட்டும் கொஞ்சம் யோசித்து வைப்பார், அதுதான் தெரியும்.

அக்கா பார்க்கிங்கில் சுவரைப் பார்த்து ஷட்டில் அடித்துக்கொண்டிருப்பாள். ஊரிலிருந்து கொண்டுவந்த பேட், கைப்பிடியில் அப்பா சுற்றிக் கொடுத்த பழைய பனியன் துணி. ஒரு நாள் கோச் கையில் டோனட் பெட்டியோடு படியிலேயே நின்றுவிட்டார். கால் மணி நேரம் நின்றார். பிறகு பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டாக்டர் பார்ப்பதுபோல. அவருடைய இங்கிலீஷ் சின்னச் சின்ன வாக்கியங்களில் இருக்கும். இங்கே அதை நம் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"யாரு கத்துக்குடுத்தது?"

"யாரும் இல்ல."

"நல்லது. யாரும் கெடுக்கலை."

அடுத்த சனிக்கிழமையே எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வெள்ளைக் காருக்கு என்று ஒரு வாசனை உண்டு. ஏதோ ஊர்த் தைலம், வியர்வை, ஆறிப்போன சர்க்கரை. என்னையும் ஆடவைத்துப் பார்த்தார். இரண்டாவது வாரம் என் கையில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கொடுத்து, கீழே விழும் பந்துகளைப் பொறுக்கச் சொன்னார். அதோடு என் விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோச் எங்கள் சமையலறைக்கு வருவார். இறகுப் பந்து உலர்ந்து போனால் நாலு அடியில் பிய்ந்துவிடும், கொஞ்சம் ஆவி காட்டினால் நீண்ட நேரம் தாங்கும். அம்மா இட்லியை இறக்கிய கையோடு, கொதித்துக்கொண்டிருக்கும் இட்லிப் பானைக்கு மேல் கோச் பந்துகள் அடுக்கிய அட்டைக் குழாயை நீட்டிப் பிடிப்பார். மனதுக்குள் எண்ணிவிட்டு எடுப்பார். அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. "ஊர்ல சாமிக்குத் தீபம் காட்டுவாங்க. இங்க பந்துக்கு ஆவி காட்டறாங்க பாரு" என்பாள். கோச் அம்மாவை 'பூ' என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் அம்மா முறைக்கு அப்படித்தானாம். அப்பாவை 'பாக்' என்பார், ஐயா என்பது மாதிரி. தன்னைப் பூ என்று கூப்பிட ஒருத்தர் இருக்கிறார் என்பதில் அம்மாவுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. கோச்சுக்கென்று நாலு இட்லி எப்போதும் தனியாக இருக்கும்.

கோச் அக்காவைப் புகழ்ந்ததே இல்லை. தவறாக அடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், சரியாக அடித்தால் ஒரு தலையசைப்பு. அந்தத் தலையசைப்புக்காக அக்கா ஆறு மாதம் நாயாகப் பாடுபட்டாள். ஒருமுறை காரில் வரும்போது, டபுள்ஸ் ஆடினால் ஜாலியாக இருக்குமே, எதற்கு எப்போதும் சிங்கிள்ஸ் என்று அக்கா கேட்டாள். "டபுள்ஸ்ல பக்கத்துல ஒருத்தர் இருப்பாங்க. சிங்கிள்ஸ்ல தப்பு பண்ணா திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது. அது உனக்குப் பிடிக்கும்" என்றார். அக்காவுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கோச்சிடம் ஒரு வீடியோ கேசட் இருந்தது. அவர் ஆடிய ஓர் ஆட்டம். அதை அமெரிக்க வி.சி.ஆரில் போட்டால் கோடு கோடாக ஓடும், சத்தம் மட்டும் கொரகொரவென்று வரும். நம் வீட்டு மாமா கல்யாணக் கேசட்டுகளும் இங்கே அப்படித்தானே ஓடின? வந்த நாளிலிருந்து அவர் தன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. இது தெரிந்ததும் அப்பா சும்மா இருக்கவில்லை. மாவ்ரி அவென்யூவில் மளிகைக்கடைக்குப் பக்கத்து வீடியோ கடைக்காரரிடம் கொடுத்து, நம்ம ஊர் கேசட்டை இந்த ஊர் வி.சி.ஆருக்கு மாற்றுவதுபோல மாற்றி வாங்கிக்கொண்டு வந்தார். கோச் கேட்கக்கூட இல்லை. அப்பா அப்படிப்பட்ட மனிதர். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் நான் அவரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு அவரை வேறு மாதிரி நினைத்துவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். டி.வி.யில் இருந்தவர் எங்கள் கோச்சின் தங்கை மாதிரி இருந்தார். அவ்வளவு ஒல்லி, அவ்வளவு வேகம். ஐரோப்பாவில் ஏதோ ஊரில் அரையிறுதி. எதிரில் ஆடியவரும் அவர் நாட்டுக்காரர்தான், ஒரே விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். கோச்சைப் பதினோரு வயதில் ஊரைவிட்டுப் பயிற்சி விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டோடு போனில் பேச்சு. மற்ற எல்லாப் பேச்சும் அந்த அறைத் தோழியோடுதான்.

"உங்க கோச் எங்க?" என்று அக்கா கேட்டாள். அந்தப் பக்கமும் நாற்காலி காலி, இந்தப் பக்கமும் காலி.

"அவர்கிட்ட கத்துக்கிட்ட ரெண்டு பேர் மோதினா, அவர் யார் பக்கமும் உட்காரக் கூடாது. தள்ளிப் போயிடணும். அதுதான் மரியாதை" என்றார் கோச்.

ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பெண்களுக்குப் பதினோரு பாயின்ட். மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிட இடைவேளை. இடைவேளை முடிந்து வந்ததும் கோச்சின் பந்துகள் கோட்டுக்கு வெளியே விழ ஆரம்பித்தன. ரொம்ப வெளியே இல்லை, ஓர் உள்ளங்கை அகலம். அக்கா தரையிலிருந்து எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரீவைண்ட் பண்ணினாள். மறுபடி பார்த்தாள். மறுபடி ரீவைண்ட்.

"கோச். இது நீங்க வேணும்னே அடிக்கறீங்க."

பஜ்ஜி சட்டியின் சத்தம் மட்டும் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அண்ணன் அண்ணிக்குக்கூடச் சொல்லாததை அன்று கோச் எங்களிடம் சொன்னார். இடைவேளையில் மசாஜ் செய்யும் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாராம். கொடுக்கும்போதே காதில் சொன்னாராம். நாளைக்கு இறுதி ஆட்டத்தில் மோதப்போகிற வெளிநாட்டுப் பெண்ணை உன் தோழிதான் ஜெயிக்கக்கூடியவள், மேலே முடிவாகிவிட்டது, விட்டுவிடு.

"அவங்க ஜெயிச்சாங்களா ஃபைனல்?"

"இல்லை. தோத்துட்டா. அப்புறம் ரெண்டு வருஷம் அதே ரூம்ல இருந்தோம். அவளும் பேசலை, நானும் பேசலை."

அவருடைய அப்பா பக்கத்து வீட்டு டி.வி.யில் அந்த ஆட்டத்தைப் பார்த்தாராம். பெண்ணுக்குக் கால் வலி, அதனால்தான் தடுமாறுகிறாள் என்று நினைத்துத் தைலம் வாங்கி அனுப்பினாராம். சாகும்வரை அனுப்பிக்கொண்டே இருந்தாராம். கோச் அவரிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. அதன்பிறகு நிஜமாகவே முழங்கால் போய், இருபத்தாறு வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டார்.

"நீங்க ஏன் சரின்னு சொன்னீங்க?" அக்கா விடவில்லை.

"பதினோரு வயசுலேர்ந்து அவங்க போட்ட சோறு."

"நானா இருந்தா மாட்டேன்."

"நீ மாட்டே. தோத்தா பரவாயில்லை. குடுத்துட்டு மட்டும் வராதே. நான் இருக்கற வரைக்கும் உன்கிட்ட யாரும் அப்படிச் சொல்ல விட மாட்டேன்" என்றார் கோச். அக்காவின் தலையில் கைவைத்துச் சொன்னார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"அவ்ளோ பெரிய ஆட்டத்துலயே இப்பிடியெல்லாம் உண்டுங்களா?" என்று அப்பா ஆச்சரியப்பட்டார். கேட்டுவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் கிளப்பில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி வந்தது. பே ஏரியா ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள். கோச்சிடம் பயிற்சி எடுத்தவர்களில் அக்காவை விட்டால் இன்னொருத்திதான் தேறினவள், அப்பாவின் மேனேஜரின் பெண். பதினேழு வயது, காலேஜுக்கு அப்ளிகேஷன் போடும் வருடம். மேனேஜர் அங்கிள் சென்னைக்காரர், சத்தமாகச் சிரிப்பவர். எங்கள் கிரீன் கார்டு காகிதங்கள் அப்போதுதான் கம்பெனியில் நகர ஆரம்பித்திருந்தன. அந்தக் காகிதங்களில் அங்கிளின் கையெழுத்து வேண்டும். அப்பாவிடம் ஒரு நீல ஃபோல்டர் இருந்ததே, நம் எல்லா அப்பாக்களிடமும் இருந்த ஃபோல்டர், அதை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்வார்.

போட்டிக்கு முந்தின வாரம் அங்கிள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகும் விருந்து. கையில் பேப்பர் பிளேட்டோடு அங்கிள் அப்பாவின் தோளில் தட்டிச் சொன்னார், "என்னப்பா, ஃபைனல்ல நம்ம ரெண்டு பொண்ணுங்கதான் போல! என் பொண்ணுக்கு இது லாஸ்ட் சான்ஸ்பா. இந்த டைட்டில் வந்துடுச்சுன்னா அப்ளிகேஷனுக்கு சூப்பரா இருக்கும்." சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு வறுவல் எடுக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பி வரும்போது 880 ஃப்ரீவே முழுக்க அப்பா அந்த ஒரு பேச்சையே பிடித்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் அக்கா தூங்கிவிட்டிருந்தாள்.

"எதுக்கு என்கிட்ட சொல்றாரு? சொல்லுடி, எதுக்கு என்கிட்ட வந்து சொல்லணும்?"

"சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பாருங்க" என்றாள் அம்மா.

"மேனேஜர் சும்மா பேசுவாராக்கும்?"

இன்று எனக்கும் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள். பார்ட்டியில் நானும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறேன். அதை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பார்களா என்று யோசித்ததே இல்லை. அப்பா பிரித்துப் பார்த்தார். ஒரு வாரம் பிரித்தார். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை மத்தியானம். கோச் காலையிலேயே இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டார், இன்று நான் யாருக்கும் கோச் இல்லை. வேர்ஹவுஸின் அந்தக் கோடியில், நெட்டுக்கு நேராக, இரண்டு பக்கத்துக்கும் சமமான தூரத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் ஆட்டம் அங்கிளின் பெண்ணுக்கு. இரண்டாவது அக்காவுக்கு. இரண்டாவது ஆட்டத்தில் அக்கா ஆடிய ஆட்டத்தை நான் என்னவென்று சொல்ல? பந்து பொறுக்குகிறவளுக்கு ஒன்று தெரியும், யார் அடித்த பந்து எங்கே கிடக்கும் என்று. அன்று அக்கா அடித்ததெல்லாம் மூலையில் கிடந்தது. ஜெயித்துவிடுவாள் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஐந்து நிமிட இடைவேளை.

"கண்ணு, இங்க வா" என்று அப்பா கூப்பிட்டார். சோடா மெஷினுக்குப் பின்னால் நின்றிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். நெற்றி வியர்த்திருந்தது.

"இதை அக்காகிட்ட குடு. குடுக்கும்போது, இந்த ஒரு ஆட்டம் விட்டுக்குடுத்துருன்னு சொல்லு."

"நீங்க சொன்னீங்கன்னா?"

"நான் சொன்னா கேக்க மாட்டா. கோச் சொன்னாங்கன்னு சொல்லு."

"கோச் சொல்லலியேப்பா."

"நீ சொல்லு கண்ணு. நாம இங்க இருக்கறதா, மூட்டை கட்டறதாங்கறது அந்த அங்கிள் கையிலதான் இருக்கு. அக்காவுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, அடுத்த வருஷம் ஜெயிச்சுக்குவா. போ சாமி, டைம் ஆவுது."

போனேன். எனக்குப் பயமாக இருந்தது, அது உண்மை. ஆனால் அதுமட்டும் இல்லை. கூடை தூக்குகிறவளிடம் முதல்முறையாக ஒருவர் முக்கியமான வேலை கொடுத்திருக்கிறார். எல்லோரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில், நான் அக்காவை நோக்கி நடக்கிறேன். பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"யாரு சொன்னா?"

"கோச்."

"கோச்சா? உன்கிட்டயா சொன்னாங்க?"

"அவங்க இந்தப் பக்கம் வரக் கூடாதுல்ல? அதான் என்கிட்ட சொல்லி விட்டாங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அப்பா எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு. அது இல்லாவிட்டால் அக்கா நம்பியிருக்க மாட்டாள்.

அக்கா நிமிர்ந்து அந்தக் கோடியைப் பார்த்தாள். கோச்சும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது ஆட்டத்தின் சந்தோஷம் அவருக்கு அடங்கவில்லை போலும், யாருக்கும் காட்டக் கூடாது என்று வைத்திருந்ததை மீறித் தலையசைத்தார். ஆறு மாதமாக அக்கா ஏங்கிய அதே தலையசைப்பு.

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் அவள் பந்துகள் கோட்டுக்கு வெளியே விழுந்தன. ஓர் உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றும் அந்தக் கேசட்டில் பார்த்த இடத்தில், அதே அளவில். கோச்சுக்குத் தெரியட்டும் என்றே அப்படி அடித்தாள். நாலாவது பந்தில் கோச் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆட்டம் முடியும்வரை உட்காரவில்லை.

முடிந்ததும் அங்கிளின் பெண் நெட்டுக்கு அடியில் கை கொடுத்துவிட்டு, "இன்னொரு தடவை என்னை இப்படி அவமானப்படுத்தாதே" என்று இங்கிலீஷில் சொன்னாள். அவள் கண்ணிலும் தண்ணீர். கோச் ஓடி வந்தார். அந்த முழங்காலோடு ஓடி வந்தார். அக்கா தன் பேட்டை அவர் கையில் வைத்து, "திருப்தியா கோச்?" என்று கேட்டுவிட்டுக் காருக்குப் போய்விட்டாள். அங்கிள் அப்பாவிடம் வந்து, "என்னாச்சுப்பா? நல்லாத்தானே ஆடிட்டு இருந்தா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

"டயர்டுங்க சார்" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்போதுதான் ஏதோ இறங்கியது. இந்த மனிதர் அப்படி எதையும் கேட்கவே இல்லையோ என்று.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோப்பையை அங்கிளின் பெண் அப்ளிகேஷனில் போடவே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. இரண்டு வருடத்தில் கம்பெனி அந்த டீமையே கலைத்துவிட்டது, அங்கிளுக்கும் வேலை போயிற்று. எங்கள் கிரீன் கார்டு வேறொரு கம்பெனி வழியாக ஏழு வருடம் கழித்து வந்தது.

அன்று சாயங்காலமே கோச் கீழே இறங்கி வந்தார். அக்கா பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"பாக், யாரோ அவகிட்ட சொல்லியிருக்காங்க. யாரு?"

"யாரும் சொல்லலைங்க கோச். டயர்டாயிட்டா. ஸ்கூல்ல டெஸ்ட் வேற."

கோச் என்னைப் பார்த்தார். நான் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டி.வி. அணைந்திருந்தது.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை கீழே ஹாரன் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கார் போய்விடும். அம்மா கெஞ்சினாள், அக்கா கட்டிலை விட்டு எழவில்லை. "அவங்க பேரைச் சொல்லாதம்மா" என்றாள். அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நமக்குள் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்காவிடம் கொஞ்சம் பயந்தே வாழ்ந்தார்.

குளிர் வந்தபோது கோச்சின் அண்ணன் டெக்ஸாஸில் டோனட் கடை எடுத்துவிட்டார், குடும்பத்தோடு கிளம்பினார்கள். போவதற்கு முந்தின நாள் கோச் வந்து அக்காவின் அறைக் கதவுக்கு வெளியே நின்றார். கதவு திறக்கவில்லை. கதவைப் பார்த்தே பேசினார். "ஸாரி. என் தப்புதான். உனக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது." கொஞ்ச நேரம் நின்றார். அம்மா டப்பாவில் போட்டுக் கொடுத்த இட்லியை வாங்கிக்கொண்டு மாடி ஏறிப்போனார். உள்ளே அக்கா என்னிடம், "கேட்டியா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றாள். நான் கேட்டேன். எதைத் தன் தப்பு என்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அக்கா நினைத்தது அது இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல ஒரு நிமிடம் போதும். திறக்கவில்லை.

அக்கா பிறகு பேட்டைத் தொடவே இல்லை. படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம், ஒரு பையன். யாரையும் அவ்வளவு எளிதில் நம்ப மாட்டாள். "அக்கா கொஞ்சம் கறார்" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். அப்பா ஆறு வருடத்துக்கு முன்னால் போனார். இனி சொல்லிவிடலாம், அப்பாவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது என்று நினைத்தேன். காரியம் முடியட்டும் என்றேன். வருஷம் திரும்பட்டும் என்றேன். அக்காவின் பையன் ஹைஸ்கூல் சேரட்டும் என்றேன். இப்படித்தான் வருடங்கள் போயின.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்காவுக்குக் கேன்சர் என்று தெரிந்தது. வாரத்துக்கு ஒரு நாள் நான்தான் கீமோவுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு போவேன். மத்தியான வெயில் விழும் ஜன்னல் ஓரத்து நாற்காலி அவளுக்குப் பிடிக்கும். ஒரு நாள் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது தானாகவே ஆரம்பித்தாள்.

"கோச் ஞாபகம் இருக்காடி உனக்கு?"

"ம்."

"ரொம்ப நாள் அவங்களை வெறுத்தேன். ப்ராமிஸ் பண்ணிட்டு அவங்களே அப்படிச் சொல்லி அனுப்பிட்டாங்கன்னு. இப்ப யோசிச்சா பாவமா இருக்கு. அவங்க மேல என்ன ப்ரெஷரோ, யாரு கண்டா. நான் மன்னிச்சுட்டேன். எங்க இருக்காங்களோ."

நான் அவளுக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். சுளையில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்க நிறைய இருந்தது. அவள் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளை ஏன் இந்த நிலையில் கலக்க வேண்டும், அவளே சமாதானமாகிவிட்டாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செய்யாத தப்புக்கு ஒரு மனுஷியை அவள் மன்னித்தாள். செய்தவள் பக்கத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நாலு மாதத்தில் அக்கா போய்விட்டாள்.

கோச்சின் அண்ணன் பெண்ணை இணையத்தில் தேடிப் பிடித்தது இந்த வருடம்தான். ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், ஒரு லாண்டரி கடைக்கும் நெயில் சலூனுக்கும் நடுவே டோனட் கடை. போன மாதம் போனேன். காலைக் கூட்டம் ஓய்ந்த நேரம். கோச் கவுன்டருக்குப் பின்னால் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெள்ளை. என்னைத் தெரியவில்லை. "பூவோட சின்னப் பொண்ணு" என்றதும் தெரிந்துவிட்டது. கவுன்டரைச் சுற்றி வந்தார், ஒரு காலை யோசித்து வைத்து. என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது அம்மாவைப் பற்றி. அம்மா இருக்கிறாள் என்றேன். அடுத்து அக்கா. சொன்னேன்.

 இரண்டு பேர் வந்து காபி வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு கோச் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அவளோட கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. எனக்கே இருந்ததில்லை" என்றார். "என்னைப் பத்தி எப்பவாவது பேசினாளா?"

"உங்களை மன்னிச்சுட்டேன்னு சொன்னா, கோச்."

"மன்னிச்சாளா? எதுக்கு?"

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சோடா மெஷின், தண்ணீர் பாட்டில், என் சொந்தச் சரக்கான அந்த வாக்கியம் உட்பட. கோச் துடைக்கும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இத்தனை வருஷமா நான் வேற நினைச்சேன்" என்றார் கடைசியில். "அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினேனே, எப்படித் தோக்கறதுன்னு நான்தான் அவளுக்குக் கத்துக்குடுத்துட்டேன்னு நினைச்சேன். கதவுகிட்ட நின்னு ஸாரி சொன்னது அதுக்குத்தான். அப்புறம் நான் யாருக்கும் எதையும் கத்துக்குடுக்கலை. இங்க கூப்பிட்டாங்க, மூணு கிளப்ல. போகலை."

நான் மேஜையில் சிதறிக் கிடந்த சர்க்கரையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு."

"பதினோரு வயசுப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை" என்றார் கோச். அவர் குரலில் நிஜமாகவே கோபம் இல்லை. நான் உடைந்து அழுதுவிட்டேன். இத்தனை வருடமும் யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன் போலும். அவர் பேப்பர் நாப்கினை எடுத்து என் பக்கம் தள்ளினார். நான் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார்.

"அவ ஆஸ்பத்திரியில என்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னப்ப, உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு, கோச்" என்றேன்.